பாறைக்குக் கொடுத்த முட்டு

ராஜபாளையத்தில் ஒரு கிட்டங்கியில் இருபது வருஷத்துக்கு மேலாகப் பருத்திக்கொட்டை மூட்டை தூக்கினேன். போன வருஷம் இடுப்பு விட்டுப்போனது. குனிந்தால் நிமிர முடியவில்லை. மூட்டை வாய் தைக்கிற வேலை ஒன்று காலியாக இருந்தது. உட்கார்ந்தே செய்யலாம். மேஸ்திரியிடம் கேட்க வேண்டும். வலி என்று சொல்லி, ஒரேயடியாக நிறுத்திவிட்டால்? பயமும் கூச்சமுமாக மூன்று மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினேன்.

அய்யனார் கோவில் போகிற மலைப்பாதையில் ஒரு பாறை சாய்ந்து நிற்கிறது. கல் சுமந்து வந்த பூதம் ஒன்று, இடுப்பு நோகிறதென்று செத்த நேரம் இறக்கி வைத்ததாம். பொறவு எடுக்கவே இல்லை. பாறைக்கு அடியில் ஒரு சுள்ளியை முட்டுக் கொடுத்தால் நம் இடுப்பு வலி போகும் என்பார்கள். எனக்கு அந்தப் பூதத்தின் மேல் பொறாமைதான்.

ஆடி அமாவாசைக்கு வீட்டுக்காரியோடு போனேன். பாறைக்கு அடியில் குச்சி வைக்க இடமே இல்லை.

“இங்க இம்புட்டு நேரம் குனிஞ்சு கெடக்கீக. மேஸ்திரிகிட்ட ஒரு வார்த்தை சொல்ல வாய் வரல,” என்றாள்.

சுள்ளியைச் செருகினேன். பக்கத்துக் குச்சி ஒன்று கையோடு வந்துவிட்டது. அடுத்தவர் குச்சியை எடுத்தால் அவர் வலி நமக்கு வரும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும்.

“ஏலே, அது என் குச்சிலே! இப்பத்தான் வச்சிட்டு நிமிருதேன்.”

திரும்பினால் மேஸ்திரி. ஒரு கை இடுப்பில் இருந்தது.

“என் வலியையும் வாங்கிக்கிட்டயா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

“ஏற்கெனவே ஒண்ணு இருக்கு அண்ணாச்சி. ரெண்டு தாங்காது.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது.

அவர் சிரிப்பு நின்றது. “எம்புட்டு நாளா?”

“மூணு மாசமா.”

“சொல்லித் தொலைக்க வேண்டியதுதானலே.”

குச்சியை வாங்கி வைக்கப் பார்த்தார். குனிய முடியவில்லை. நானே வாங்கி அவருக்காக வைத்தேன். நான் எழுந்திருக்க வெகு நேரம் ஆனது. அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

இப்போது சாக்கு தைக்கிறேன். கூலி குறைவு. வலி போகவில்லை, ஊசி குத்தி விரலும் சேர்ந்து வலிக்கிறது. கூட வேலை செய்தவர்கள் மூட்டையோடு என்னைக் கடந்து போவார்கள். நான் தலையைத் தூக்குவதில்லை.