லெட்சுமணன் கவிழ்த்து வைத்த மங்கு

மலாயாவில் சிம்பாங் ரெங்கம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர் ஐயாசாமி மாமா. கள்ளைத் தொடமாட்டார். தொடாதவர் என்றால் குடிப்பவர்களைக் கண்டு முகம் சுளிப்பார் என்றுதானே நினைப்பீர்கள். இவர் அப்படியில்லை. சாயங்காலமானால் தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துப் படியில் உட்கார்ந்து எதிரே இருக்கும் கள்ளுக்கடையையே பார்த்துக்கொண்டிருப்பார். கடையைக்கூட அல்ல, லெட்சுமணனைப் பார்ப்பார்.

லெட்சுமணன் அடுத்த லயத்துக்காரர். பீங்கான் பூசிய மங்குக் குவளையில் கள் வாங்கி நின்றபடியே பாதி குடிப்பார். யாரிடமாவது மழையைப் பற்றிப் பேசுவார். மீதியையும் குடித்து, மங்கை 'டக்'கென்று கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். அவ்வளவுதான். அந்த 'டக்' கேட்டதும் மாமாவின் தாடை இறுகும்.

"போறான் பாரு, மகராசன்" என்பார். கணக்கெழுதும் கிராணி புதுச் சைக்கிளில் வந்து இறங்கியபோதுகூட அவர் அப்படிப் பெருமூச்சு விட்டதில்லை.

மாமாவின் அப்பா கள்ளில் போனவர். வயிறு உப்பி, கண் மஞ்சளாகித் தோட்டத்து ஆஸ்பத்திரியில் முடிந்தார். சித்தப்பாவும் அதே வார்டில்தான். அண்ணன் வீரமுத்து, கடையிலிருந்து வரும் வழியில் கால்வாயில் விழுந்தவர் எழவில்லை. மாமாவும் இளவயதில் ஒரு மங்கு குடித்துப் பார்த்திருக்கிறார். அந்த ஒன்று கடை சாத்தும்வரை நீண்டது. மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் ஆளைக் காணோம், அடுத்த நாளும் காணோம். கடைசியில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள்.

அங்கே வைத்தியம் பார்த்த யாழ்ப்பாணத்து டிரஸ்ஸர் கனகசபை சொன்னதை மாமா அடிக்கடி பேசிக் காட்டுவார். அவருக்கு யாழ்ப்பாணப் பேச்சு வராது, நானே சொல்லிவிடுகிறேன். மூக்கை லேசாக அடைத்துக்கொள்ள வேண்டும்.

"உம்மட அப்பரையும் நான்தான் பார்த்தனான், சித்தப்பரையும் நான்தான் பார்த்தனான். இது உங்கட குடும்பத்தில கிடக்குது, ஐயாசாமி. மற்றவைக்கு ஒரு கோப்பை எண்டால் ஒரு கோப்பைதான். உமக்கு அப்பிடி இல்லை. தொடாதேயும்."

மாமா அதற்குப் பிறகு தொடவில்லை. ஆனால் அந்த 'மற்றவைக்கு' மட்டும் நெஞ்சில் முள்ளாக நின்றுவிட்டது. அந்த மற்றவர்கள் எல்லாருக்கும் ஒரே முகம், லெட்சுமணன் முகம்.

ரப்பர் விலை விழுந்து பாதி லயம் சொந்த ஊருக்குக் கப்பலேறியிருந்த வருஷம், மாமாவின் மகள் புஷ்பவள்ளியைப் பெண் கேட்டு வந்தார்கள். வந்தது லெட்சுமணன் குடும்பம்தான். மகன் மூர்த்தி நல்ல உழைப்பாளி. புஷ்பவள்ளிக்கும் பிடித்திருந்தது. அப்படி ஒருத்தன் மறுபடி அமைவான் என்று சொல்ல முடியாத காலம். இருந்தும் மாமா, குடிக்கிற வீட்டில் பெண் கொடுக்கமாட்டேன் என்று முறுக்கிக்கொண்டார்.

லெட்சுமணன் மனைவி தனலெட்சுமிக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"எங்கூட்ல குடிக்கிறாங்கண்ணே. ஒங்கூட்ல அதுல செத்தாங்க. பயப்படணும்னா நாங்கதான் பயப்படணும்."

அடுப்படியிலிருந்து காளியம்மா மாமி, பரிசத்துக்கு நாள் பாருங்கள் என்று சொல்லி முடித்துவிட்டாள்.

பரிசத்தில்தான் சிக்கல். எங்கள் ஆட்களில் தட்டு மாற்றுமுன் இரண்டு சம்பந்திகளும் ஒரே மங்கில் கள் குடிக்க வேண்டும். மங்கை மறுத்தால் சம்பந்தத்தையே மறுத்த மாதிரி.

கோயில் கொட்டகையில் பாய் விரித்திருந்தது. லெட்சுமணன் பாதி குடித்து மங்கை நீட்டினார். மாமா இரண்டு கையாலும் வாங்கினார். நுரை விளிம்புவரை ஆடியது. இத்தனை வருஷமாக அடக்கி வைத்திருந்ததை அப்போதுதான் கேட்டார்.

"லெட்சுமணா, ஒண்ணோட எப்புடிப்பா நிறுத்துற?"

லெட்சுமணன் கேலி செய்யவில்லை. நிஜமாகவே யோசித்தார்.

"நான் எங்கண்ணே நிறுத்துறேன்? போதும்னு இருக்கும். வச்சிருவேன்."

அதைவிட அவர் மாமாவை அறைந்திருக்கலாம். பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்துகிறார் என்றாலாவது ஆறுதலாக இருந்திருக்கும். ஒரு பாடும் படாமலே அந்த மனுஷனுக்கு வாய்த்திருக்கிறதே! மாமாவின் கண்ணில் அந்த எரிச்சல் அப்படியே தெரிந்தது. மங்கு மெல்ல வாயை நோக்கி ஏறியது. தனக்கும் ஒரு தடவை 'போதும்' என்று இருக்காதா என்று பார்க்கத்தான்.

மாமி பாயைக் கடந்து வந்து மங்கைப் பிடுங்கினாள். ஒரே மூச்சில் குடித்து, முந்தானையால் வாயைத் துடைத்தாள்.

"பொண்ணு வூட்டுப் பங்கு முடிஞ்சிருச்சு. தட்ட மாத்துங்க."

பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தது தனலெட்சுமி. பிறகு எல்லாரும் சிரித்தார்கள், தட்டு மாறியது.

மாமா மட்டும் மனைவியையே பார்த்தபடி, இன்னும் கொஞ்சம் வேண்டும் போல இல்லையா என்று கேட்டார்.

"எதுக்கு? புளிச்சுக் கெடக்கு" என்றாள் மாமி. மங்கை 'டக்'கென்று கவிழ்த்துவிட்டுச் சோறு போடப் போனாள். மாமாவின் தாடை இறுகியது. இத்தனை காலம் எதிர்க் கடையில் இருந்த ஆள், இப்போது வீட்டுக்குள்ளேயே இருந்தாள்.

குஷியிலிருந்த தனலெட்சுமி மங்கை மறுபடி நிரப்பி, மருமகளும் ஒரு வாய் குடிக்கட்டும் என்று புஷ்பவள்ளியிடம் நீட்டினாள். அவளும் வெட்கத்தோடு கையை நீட்டினாள். மாமா எழுந்துபோய் மங்கின் வாயை உள்ளங்கையால் மூடினார்.

"அவ ஆத்தா குடிக்கலாம், தங்கச்சி. மூர்த்தி குடிக்கலாம். இவ என் ரத்தம். இவளுக்கு வேணாம்."

தனலெட்சுமி தலையாட்டினாள். கள்ளை வீணாக்குவானேன் என்று தானே குடித்து, மங்கைக் கவிழ்த்து வைத்தாள்.

மாமா அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"மகராசி" என்றார்.