போட்டோவுக்குக் கொடுத்த கம்பளி

எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன், எங்கள் பங்குக் கோயிலின் பெயர் கெடுமே என்ற பயம். பேய், ஆவி என்று யாராவது பேச ஆரம்பித்தால் ஜெபமாலையை எடுத்துக்கொண்டு எழுந்து போகிறவள் நான். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

எங்கள் பங்கில் ஏழைகளுக்கு உதவ ஒரு சங்கம் உண்டு. எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களுக்கும் கொடுப்போம். வாங்குகிறவர் பொருளோடு நிற்க ஒரு போட்டோ எடுத்து, நன்கொடை தந்தவர்களுக்கு அனுப்ப வேண்டும், அது வழக்கம். அருளப்பன் என்பவர்தான் பொறுப்பாளர். அந்த மார்கழியில் இண்டூர் பக்கம் ஒரு ஊருக்குக் கம்பளி கொண்டுபோனோம், நான் கஞ்சி காய்ச்சப் போயிருந்தேன்.

கல் உடைக்கும் வேலையில் வலது ஆட்காட்டி விரலில் பாதி போன மாதம்மாள் வந்தாள். அருளப்பன் அவளுக்குக் கம்பளியைப் போர்த்தி, சிரிக்கச் சொல்லி, போட்டோ எடுத்ததும் அதை உருவிக்கொண்டார்.

"அடுத்த ஊர்ல போட்டோவுக்கு வேணும். உனக்கு அப்புறம் வரும், போ."

"போட்டோவுல போத்திக்கிட்டேன், வூட்டுல எதைங்க போத்திக்கறது?"

கூட்டம் சிரித்தது, அவள் சிரிக்கவில்லை. எனக்கு மனசு கேட்காமல் என் சால்வையை நீட்டினேன்.

"உங்களுது வேணாங்க்கா. அந்தாளு கையாலதான் வாங்குவேன்."

அந்த வாரமே குளிரில் விறைத்துச் செத்துப்போனாள். கம்பளியெல்லாம் அருளப்பனின் மச்சான் லாட்ஜுக்குப் போன விஷயம் பிறகுதான் தெரிந்தது.

சித்திரை வந்தது. தார் ரோடு உருகுகிற வெயிலில் அருளப்பன் ஸ்வெட்டரும் குல்லாவுமாகப் பல் கிட்டித்து நடுங்கினார், தொட்டால் ஐஸ். எல்லா டெஸ்டும் எடுத்துப் பார்த்த டாக்டர் ஒன்றுமில்லை என்றுவிட்டார். அவர் மனைவி அழுதுகொண்டு என்னிடம் வந்தபோது, மாதம்மாளுக்குச் சேர வேண்டியதை அவள் மகளிடம் அவர் கையாலேயே கொடுக்கச் சொன்னேன்.

நல்ல மத்தியானம். அவரும் நானும் ஆட்டோவில் போனோம். மகள் லட்சுமி வாசலிலேயே நின்றுகொண்டு உள்ளே வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. அவர் கம்பளியை நீட்டினார், அவளும் வாங்கினாள். அதோடு விட்டிருக்கலாம். பழக்க தோஷம், அந்த மனுஷனுக்கு அப்போதும் வாய் சும்மா இருக்கவில்லை.

"கொஞ்சம் சிரிச்சாப்ல நில்லும்மா. மேரி, ஒண்ணு எடுத்துரு" என்று என்னைப் பார்த்தார்.

"செத்தவளுக்குக் குடுக்கறதுக்கும் போட்டோவாய்யா?" என்றாள் லட்சுமி.

என் போனில் எடுத்தேன். எடுத்த அந்த நிமிஷமே அவர் "வுடு, கழுத்த வுடு" என்று கத்திக்கொண்டு கீழே விழுந்தார். அவருக்குப் பின்னால் யாரும் இல்லை, கம்பளி லட்சுமி கையில்தான் இருந்தது, என் கண்ணால் பார்த்தேன். ஆனால் போட்டோவில் அவள் கை காலி. கம்பளி அருளப்பனின் கழுத்தைச் சுற்றியிருக்கிறது. பின்னாலிருந்து இரண்டு கைகள் அதை இழுத்துப் பிடித்திருக்கின்றன. வலது ஆட்காட்டி விரல் பாதிதான்.

அவர் சாகவில்லை. இன்னும் நடுங்குகிறார், ஆனால் ஒரு துண்டு துணிகூடக் கழுத்தருகே வரக்கூடாது, அலறுகிறார். வெறும் உடம்போடு வெயிலில் உட்கார்ந்திருக்கிறார். கோயிலில் அவருக்காக மன்றாடும்போது எல்லோரும் வாய் திறக்கிறார்கள். எனக்கு ஜெபம் வருவதில்லை. ஆண்டவர் என்னைக் கேட்டால் அதையே அவரிடமும் சொல்லுவேன்.

லட்சுமி அந்தப் போட்டோவைக் கேட்டு வாங்கி, சட்டம் போட்டு, பூ வைத்திருக்கிறாள். "எங்கம்மான்னு சொல்ல இந்தக் கையாவது இருக்குதேங்க்கா" என்கிறாள். முதலில் பார்த்தபோது கம்பளிக்கும் அவர் கழுத்துக்கும் நடுவில் ஒரு விரல் நுழையும் இடைவெளி இருந்தது. போன மாசம் பார்த்தேன். இல்லை.

படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள், இருக்கிறபடியே சொல்லுங்கள். அருளப்பனுக்காக இரக்கப்பட்டு ஒரு வார்த்தைகூடச் சேர்க்க வேண்டாம்.