லேசான முதுகுப்பை வாங்கிய கதை

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் கார்ச் சாவி ஆங்கிலக் கால்வாய்க்குள் போய்விட்டது.

விழுந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். பறந்துதான் போனது. அவசரமே இல்லாமல், ஒரு கடற்பறவை மாதிரி...

எப்படி என்கிறீர்களா? அதற்கு முதலில் என் கணவர் குகன் முதுகுப்பை வாங்கிய கதையைச் சொல்ல வேண்டும்.

குளிர் விலகியதும் இவருக்கு நடக்கும் ஆசை வந்தது. சாதாரண நடை இல்லை — ஹைக்கிங்! விம்பிள்டனில் வீட்டைச் சுற்றி நடந்தால் அது வெறும் நடையாம். அதையே லண்டனுக்கு வெளியே போய்ச் சேற்றில் செய்தால் ஹைக்கிங்காம். சரி, நல்ல விஷயம்தானே? இரண்டு மூன்று மணி நேரம் நடப்பதற்கு என்ன பெரிதாக வேண்டும்? தண்ணீர், மழைக்கோட்டு, கொஞ்சம் சாப்பாடு. மகள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன பை ஒன்று அலுமாரியில் நல்ல நிலையில் கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

குகன் அதைத் தூக்கிப் பார்த்தார். முகம் கோணியது.

“இதென்னப்பா, வெறும் பையே இவ்வளவு பாரம்! இதைக் கொண்டு மலை ஏற ஏலுமே?”

எந்த மலை? லண்டனைச் சுற்றி மலை எங்கே இருக்கிறது? நான் கேட்கவில்லை. முப்பது வருடத் திருமணம் சில கேள்விகளைத் தொண்டையிலேயே நிறுத்தக் கற்றுத் தந்திருக்கிறது.

‘அல்ட்ராலைட்’, அதாவது மிக மிக லேசானது, என்ற சொல் அன்றைக்குத்தான் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது.

இது தனி உலகம், வாசகர்களே. பாரத்தைக் குறைக்கவென்று பல் தூரிகையின் கைப்பிடியை வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சட்டையில் தைத்த லேபிளைப் பிய்த்து எறிகிறவர்கள் இருக்கிறார்கள். தாடி வைத்த இளைஞர்கள் தங்கள் படுக்கையறையில் இருந்துகொண்டு, ஒரு பையின் பட்டியைப் பற்றி அரை மணி நேரம் வீடியோவில் பேசுகிறார்கள். அதை இவர் நோட்ஸ் எடுக்காத குறையாகப் பார்க்கிறார்.

முதலில் இவர் கண் வைத்த பை, பாய்மரத் துணியில் செய்ததாம். விலையைப் பார்த்தேன். அந்தக் காசுக்குப் பாய்மரக் கப்பலே வாங்கலாம் போலிருந்தது.

“இது ஒரு இன்வெஸ்ட்மென்ட்” என்றார்.

“டூட்டிங் தோசைக் கடையில நாங்கள் ரெண்டு பேரும் ஒருக்காச் சாப்பிடுற செலவுக்குள்ள ஒரு பை பாருங்கோ. அதுக்கு மேல சல்லிக்காசு இல்லை” என்றேன்.

அதன்பிறகு தேடல் மலிவான அல்ட்ராலைட் பக்கம் திரும்பியது. ஒரு நாள் மாலை, ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்லி போனை என்னிடம் நீட்டினார்.

“முதுகுப் பக்கம் மெத்தை ஒண்டும் காணேல்லையே?” என்றேன்.

“அதாலதான் வெயிட் குறைவு.”

“இடுப்புப் பட்டி?”

“தேவையில்லை.”

“போத்தல் வைக்கப் பக்கத்துப் பொக்கற்?”

“இல்லை.”

“அப்ப என்னத்துக்கு இவங்கள் காசு கேக்கிறாங்கள்?”

குகன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “இல்லாததுக்குத்தானப்பா!”

பை வந்தது. மடித்தால் கைக்குள் அடங்கும் ஒரு தோடம்பழ அளவு. விரித்தால் பச்சை நிறத்தில், வெங்காயச் சருகு மாதிரி ஒரு துணி. நான் கேக்குக்கு மா நிறுக்கும் தராசில் அதை வைத்தார். முள் அசைய யோசித்தது. இவர் முகத்தில் வந்த பெருமிதத்தை மகள் பட்டம் வாங்கிய அன்றும் நான் கண்டதில்லை.

ஆனால், லேசான பையில் ஒரு சிக்கல். அதற்குள் எதையாவது வைத்தால் அது பாரமாகிவிடும்!

ஞாயிறு காலை, “உங்கட கம்பளி ஜம்பர்?” என்று கேட்டேன். “உம்மட பையில வையும்.” தண்ணீர்? “அதுவும்.” சாப்பாடு? “நீர் கொண்டு வாறீர்தானே?” ஆக, மகளின் பழைய பை என் முதுகில். அதற்குள் இரண்டு பேருக்கும் புளிச்சாதம், தண்ணீர், மழைக்கோட்டுகள், இவருடைய ஜம்பர். இவருடைய பையின் உட்பொக்கற்றில் கார்ச் சாவி. அவ்வளவுதான்.

இப்படியாக நாங்கள் செவன் சிஸ்டர்ஸ் போய்ச் சேர்ந்தோம். லண்டனில் அதே பெயரில் இருக்கும் ரயில் ஸ்டேஷன் இல்லை — கடலோரத்தில் வரிசையாக நிற்கும் வெள்ளைச் சுண்ணாம்புக் குன்றுகள். மேலே பச்சைப் புல். புல் முடிகிற இடத்தில் வேலி கிடையாது. நேரே கீழே கடல். நல்ல வெயில், அதைவிட நல்ல காற்று.

விளிம்பிலிருந்து தள்ளி உட்கார்ந்து சாப்பிட்டோம். கையைத் துடைத்ததும் குகன் எழுந்தார்.

“பையை ஒரு படம் எடுக்கவேணும். வாங்கின சைட்டில ரிவ்யூ போட.”

பையைப் புல்லில் நிறுத்தினார். வெறும் பை எப்படி நிற்கும்? சுருண்டு விழுந்தது. உடனே இவருக்கு ஒரு யோசனை. வாயை அகலத் திறந்து காற்றுப் பக்கம் பிடித்தார். பை பொம்மென்று உப்பியது.

“பாரும், என்ன வடிவா நிக்குது!”

இவர் கையை எடுத்து போனைத் தூக்கினார். பை நிற்கவில்லை. ஒரு குட்டிக்கரணம், இன்னொன்று... பிறகு புல்லைத் தொட்டும் தொடாமலும் கடலை நோக்கி ஓடத் தொடங்கியது.

அதன் பின்னால் குகன்.

வாசகர்களே, இதுவரை சிரித்துக்கொண்டு எழுதினேன். இந்த இடத்தில் சிரிப்பு இல்லை. பை விளிம்பை நோக்கிப் போகிறது. இவர் குனிந்து, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, அதைத் தவிர வேறெதையும் பார்க்காமல் ஓடுகிறார். “குகன்!” என்று கத்தினேன். பெயர் சொல்லி நான் இவரைக் கூப்பிடுவதே இல்லை. காற்று அந்தக் குரலையும் வாங்கிக்கொண்டு போய்விட்டது.

எப்படி எழுந்தேன், எப்படி ஓடினேன்... தெரியாது. இவருடைய ஜாக்கெட்டின் பின்பக்கத் தொப்பி கையில் அகப்பட்டது. அப்படியே பின்னால் சாய்ந்தேன். இரண்டு பேரும் புல்லில் விழுந்தோம். எங்களுக்கு முன்னால் சுண்ணாம்பில் ஒரு வெடிப்பு ஓடியது. அதற்கு அப்பால் ஒரு துண்டுப் புல். அதற்கு அப்பால் வானம்.

பை அந்த வானத்தில் மிதந்துகொண்டிருந்தது. கீழே விழவே இல்லை. மேலே எழும்பி, திரும்பி, பிரான்ஸ் பக்கமாகப் போனது.

குகன் வாய் பிளந்து பார்த்தார். பிறகு சொன்னார்:

“எவ்வளவு லைட் பாத்தீரே!”

முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தேன். பிறகு அதே முதுகில் முகத்தை வைத்து அழுதேன். நாயோடு வந்த ஆங்கிலேய அம்மா ஒருவர் நின்று எங்களைப் பார்த்தார். கேட்கலாமா, கேட்டால் நாகரிகமாக இருக்குமா என்று யோசித்திருக்க வேண்டும். கடைசியில், “இன்றைக்குக் கொஞ்சம் காற்றுத்தான், இல்லையா?” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு நடந்தார்.

கீழே இறங்கிய பிறகுதான் சாவி நினைவுக்கு வந்தது. மகளுக்கு போன் செய்தோம்.

“அப்பா, ஆர் யூ சீரியஸ்? ஒரு பையைத் துரத்திக்கொண்டு கிளிஃப்பில ஓடினீங்களா?” என்றவள், ஸ்பேர் சாவியோடு ரயிலேறினாள்.

அவள் வந்து சேரும்வரை கார் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில் இருந்தோம். இவர் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

“ஏன் ஓடினனீங்கள்?” என்று கேட்டேன். கோபமாக இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

கோப்பையைக் கீழே வைத்தார். “பை போறது தெரிஞ்சுது. மற்றது ஒண்டும் தெரியேல்லையப்பா.”

யாருக்குத்தான் தெரிகிறது? கையைவிட்டுப் போகிற ஒன்றைத் துரத்தும்போது அது மலிவா, விலை கூடியதா என்று கால்கள் கேட்பதில்லை. போகிறது — பிடி! அவ்வளவுதான். தள்ளுபடி முடிகிறது என்று குறுஞ்செய்தி வந்தால் நானும் அப்படித்தானே ஓடுகிறேன்?

மாலையில் மகள் வந்தாள். அப்பாவைத் திட்டுவாள் என்று நினைத்தேன். கட்டிப்பிடித்துக்கொண்டு விடவேயில்லை. கார்ச் சாவியையும் அவரிடம் கொடுக்கவில்லை. அவளே ஓட்டினாள்.

நேற்று குகன் மறுபடியும் பை பார்க்கத் தொடங்கிவிட்டார். பார்க்கட்டும். பையை அவரே தெரிவு செய்யட்டும்.

நடக்கிற இடத்தை இனி நான்தான் தெரிவு செய்வேன் — நடுவில் புல், சுற்றிவர மதில்!