மேசைமேல் நின்ற முக்கால் மணி நேரம்

பக்கவாதம் கண்ட பிறகு என் மனைவி நாளொன்றுக்குப் பேசுவது நாலைந்து சொற்கள்தாம். அந்தச் சித்திரையில் அவற்றுள் பாதியை அவள் மின்விசிறிக்குச் செலவிட்டாள். "காத்து" என்பாள். கூடத்தில், வாசல் சன்னலை ஒட்டி அவள் கட்டில். அதற்கு நேர்மேலே விசிறி. நான்கு நாட்களாக அது சுற்றுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. முதுகில் ஈரம் தங்கக் கூடாது, படுக்கைப்புண் ஆழமாகிறது என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். எலக்ட்ரீஷியனோ மலையாளத்தில் "நாளை வராம் சாமி" என்றே மூன்று நாளைகளைக் கடத்திவிட்டார்.

பழவங்காடிக் கடையில் ஒரு கண்டென்சர் வாங்கி வைத்திருந்தேன். தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. விசிறித் தண்டின் கிண்ணத்துக்குள் இருக்கும் பழையதைக் கழற்றி இதை மாட்டினால் போதும், பத்து நிமிட வேலை என்றார் கடைக்காரர். எழுபத்தாறு வயதுக்காரனுக்கு எத்தனை நிமிடம் என்று நான் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் காலை குளித்து மடி உடுத்தபோது, மனைவியின் விரிப்பு வேர்வையில் நனைந்து கிடந்தது. குளித்தது முதல் பூஜை முடியும்வரை என்னை எவரும் தொடலாகாது. ஆகவே வாசற்கதவை உள்ளே தாழிட்டு வைப்பது என் வழக்கம். அவளைப் பார்த்துக்கொள்ள வித்துராவிலிருந்து பஸ்ஸில் வரும் அம்மாள் பத்து மணிக்குத்தான் வருவார். அதற்குள் விசிறியையும் பூஜையையும் முடித்துவிடலாம் என்று எண்ணி, மெயினை அணைத்து, கட்டிலை ஒட்டி மேசையைத் தள்ளி, அதன்மேல் முக்காலியை வைத்து ஏறினேன்.

கண்டென்சரை மாட்டிவிட்டேன். கிண்ணத்தையும் மூடினேன். இறங்கக் காலை எடுத்தபோது வலது முழங்கால் பூட்டிக்கொண்டது. மடிக்கவும் இயலவில்லை, அதில் பாரம் தரவும் இயலவில்லை. ஒரு கையால் விசிறித் தண்டைப் பற்றியபடி நின்றேன். சாய்ந்தால் அவள் மார்பின்மேல்தான் விழுவேன்.

"எறங்குங்கோ" என்றாள்.

"முடியலடி. கால் மடங்க மாட்டேங்கறது."

முக்காலியின் கால்களைப் பார்த்தாள். பிறகு, "விழறச்சே... சொல்லுங்கோ" என்றாள்.

கைப்பேசி பூஜையறையில் இருந்தது. தெருவில் கோயிலுக்குப் போகிறவர்களின் காலடி கேட்டுக்கொண்டே இருந்தது. இரண்டு முறை கூவினேன். மூன்றாம் முறை கூவ வெட்கமாக இருந்தது. முதலை வாயில் அகப்பட்ட ஆனை அழைத்ததை எத்தனை பாசுரங்களில் உருகி ஓதியிருப்பேன்! அந்த ஆனைக்குக் கால் வலித்திருக்கும் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. ஓத முயன்றேன். மனப்பாடமான அடிகள்கூட பாதியில் நின்றன. கால் நடுங்கும்போதெல்லாம் முக்காலியும் நடுங்கியது. கீழே அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

பத்து மணிக்குக் கதவு தட்டப்பட்டது. பிறகு சன்னல் கம்பிகளுக்கு இடையே வித்துரா அம்மாளின் முகம்.

"அய்யோ சாமி, எந்தா இது! அனங்கண்டா, அசையாமே நில்லுங்கோ!"

"கதவு தாழ் போட்டிருக்கே."

"ஆரு போட்டது?"

"நான்தான்."

"நல்ல காரியம்" என்றார் அவர்.

எதிர்வீட்டிலிருந்து வளைந்த பிடியுள்ள நீளக் குடை ஒன்றை வாங்கி வந்தார். சன்னல் வழியே தோள்வரை கையை நுழைத்து, குடையின் பிடியால் தாழைக் கொக்கிபோட்டு இழுத்தார். நான்காம் முறை விலகியது. ஓடிவந்து மேசையருகே இரு கைகளையும் நீட்டியவர், அப்படியே நின்றுவிட்டார். மூன்று ஆண்டுகளில் அவர் என்னை ஒருமுறையும் தொட்டதில்லை. எனக்குத் தரவேண்டியதைத் தரையில் வைத்து விலகுவார்.

"தொடட்டே, சாமி?"

அதில் கேலி இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். என் கை தண்டை விடவில்லை.

"பிடி அவரை!" என்றாள் என் மனைவி. நோய்க்குப் பின் அத்தனை உரத்த குரல் அவளிடமிருந்து வந்ததில்லை.

அந்த அம்மாளின் தோளில் கைவைத்தேன். பஸ் நெரிசலின் வேர்வை அதில் இருந்தது. அவர் என் முழு பாரத்தையும் வாங்கி, முக்காலியிலிருந்து மேசைக்கும் மேசையிலிருந்து தரைக்கும் இறக்கினார். தரையில் காலை ஊன்றியதும் முழங்கால் பூட்டு விட்டது.

மெயினைப் போட்டோம். விசிறி விசையோடு சுற்றியது. "காத்து" என்றாள் மனைவி, இன்னும் வரவில்லை என்னும் குரலில். அந்த அம்மாள் உள்ளங்கையை உயர்த்திப் பார்த்தார்.

"சாமி, இது திரிச்சுக் கறங்குது, எதிர்ப்பக்கமா. காத்தெல்லாம் மச்சுக்குப் போகுது. எங்க வீட்டிலயும் ஒருக்கா இப்படி ஆயி. ஒயரு மாறிப்போச்சு."

ஷாலை இடுப்பில் இறுக்கிக்கொண்டார். "மெயின் ஆஃப் ஆக்குங்கோ. மேசையைப் பிடிச்சுக்குங்கோ, விடண்டா." நான் மேசையைப் பிடித்தேன். அவர் ஏறி, மாறியிருந்த ஒயர்களைச் சரியாக்கி, இறங்கினார். இம்முறை காற்று கீழே இறங்கியது. மனைவியைப் பக்கவாட்டில் திருப்ப அவருக்கு இன்னொரு கை வேண்டியிருந்தது. நான் அவள் தோளைத் தாங்கினேன். புண்ணின் ஓரம் மெல்ல மெல்ல உலர்ந்தது. அவள் கண்ணயர்ந்தாள்.

அதன்பின் நான் மறுபடி குளித்தேன். குளிக்காமல் பகவானிடம் போக எனக்குத் தெரியவில்லை. ஈரத் துணியோடு கூடத்தைக் கடந்தபோது அந்த அம்மாள் என்மேல் படாதபடி சுவரோரம் ஒதுங்கி, எனக்கு வழி விட்டார்.