வோல்ட் ஏறியது, ஆம்பியர் ஏறவில்லை

செய்யாத தவறுக்காக ஒருவரின் வேலையைப் பறித்தேன். தவறு என்னுடையது. இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் மெம்பிரேனைப் பற்றிப் படிக்குமுன் இதைப் படிக்கட்டும்.

கொலன்னாவையில் ஒரு நிக்கல் முலாம் தொழிற்சாலை. நான் அங்கே தலைமை இரசாயனவியலாளன். முலாம் பூசிய சாமான்களைக் கழுவிய தண்ணீரை எலெக்ட்ரோடயலிசிஸ் இயந்திரத்தில் விடுவோம். மெம்பிரேன் எனும் மெல்லிய சவ்வுகளின் அடுக்குகளுக்குக் குறுக்கே மின்சாரம் பாயும். நிக்கல் உப்பு ஒரு பக்கம் செறிந்து முலாம் தொட்டிக்குத் திரும்பும். உப்பு நீங்கிய தண்ணீர் மறுபடி கழுவப் போகும். அதை ஓட்டிய ஒப்பரேட்டர், கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த அந்தோனி.

வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் வந்த அன்று, கூடுதலாக நிக்கலை மீட்டுக் காட்டச் சொன்னார் மனேஜர். நான் வோல்டேஜை ஏற்றினேன்.

"சேர், வோல்ட் ஏறுது, ஆம்பியர் ஏறேல்லை. இனித் தண்ணிதான் உடையும். இறக்குங்கோ."

"எனக்குப் படிப்பிக்கிறீரோ, அந்தோனி?"

"இல்லை சேர். மீட்டரைத்தான் காட்டுறன்."

வந்தவர்கள் போகும்வரை நான் இறக்கவில்லை. உப்புப் போதாமல் தண்ணீரே பிளந்து, காரமேறி, மெம்பிரேன்களில் நிக்கல் பச்சைக் களியாகப் படிந்தது. திறந்து பார்த்தபோது அரைவாசி வீண்.

"இறக்குமதிச் சாமான் ஐசே! ஆர் கை வைச்சது?" என்று மனேஜர் கத்தினார்.

அந்தோனி என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்து, "ஒப்பரேட்டர்" என்றேன்.

வோல்டேஜ் பெட்டியின் சாவி என்னிடம் மட்டுமே இருந்தது. அது மனேஜருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே அந்தோனியை வேலையை விட்டு அனுப்பினார். அந்த மனேஜரை நினைத்தால் இன்றைக்கும் கொதிக்கிறது. என்னை நினைத்தால் அதைவிட.

ஓய்வு பெற்று வெள்ளவத்தையில் வீட்டோடு இருந்தபோது, அன்று நடந்ததை எழுதிக் கையொப்பமிட்டுக் கம்பனிக்கு அனுப்பினேன். மனேஜர் இப்போது டைரக்டர். போனில் சிரித்தார்.

"பழைய கதை ஐசே. வெள்ளவத்தையில கடல் காத்து வாங்கிக்கொண்டு இருமன்."

பேச்சை வெட்டிவிட்டு, கடிதத்தின் பிரதியோடு கொட்டாஞ்சேனைக்கு பஸ் ஏறினேன்.

கடிதத்தில் இருப்பதைச் சொன்னேன். அந்தோனி என்னை உட்காரச் சொல்லவில்லை. மனைவியைக் கூப்பிட்டார்.

"சத்தமா வாசியுங்கோ. இவ கேக்கட்டும். நான் சொன்னதை ஒரு நாளும் நம்பேல்லை. அவ்வளவு படிச்ச சேர் பொய் சொல்லுவாரோ எண்டு என்னைத்தான் ஏசினவ."

வேலையைப் பறித்தது எனக்குத் தெரியும். வீட்டுக்குள்ளும் அவரைப் பொய்யராக்கியிருந்தது அன்றுதான் தெரிந்தது.

வாசித்தேன். அந்த அம்மா நெடுநேரம் கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல், "சேருக்குத் தேத்தண்ணி..." என்று எழும்பினார்.

"ஒண்டும் வேண்டாம், இரும்" என்று மனைவியைத் தடுத்தார் அந்தோனி.

கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி மடித்தார்.

"இது எனக்கு வேணும். நீங்கள் போங்கோ."