கட்டணம் இறங்கிய வெள்ளிக்கிழமையும் முன்வரிசை இரண்டு சீட்டும்

1. நடந்தது இதுதான்

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், யாழ்ப்பாண ரயிலில் ஒருவருக்காக நானே போட்டு வைத்திருந்த இரண்டு சீட்டை நானே கேன்சல் செய்தேன். அவர் செய்யச் சொல்லவில்லை. அவருக்குத் தெரியவும் தெரியாது. ஒரு மணி நேரத்துக்குள் அந்த இரண்டு சீட்டும் வேறு யாருக்கோ போய்விட்டன.

டிக்கட் கவுண்டரில் நான் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன். பெயரை மாற்றி அடித்திருக்கிறேன், திகதியை மாற்றி அடித்திருக்கிறேன், ஒருமுறை அப்பாவையும் மகனையும் வேறு வேறு நாளில் ஏற்றி அனுப்பி வாங்கிக் கட்டியிருக்கிறேன். அதெல்லாம் பிழை. இது பிழை இல்லை, இதற்கு வேறு பெயர் இருக்கிறது.

"உங்க அனுபவத்த எழுதுங்க அக்கா" என்று இப்போது இந்த வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகள் கேட்டபோது, என்னைக் கெட்டிக்காரியாகக் காட்டும் கதைகள்தான் முதலில் ஞாபகம் வந்தன. அவற்றை விட்டுவிட்டு இதை எழுதுகிறேன். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

2. கை வேகம்

எங்கள் கடை மாத்தளை டவுனில், பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ப் பக்கம். போட்டோகொப்பி, போன் ரீலோட், கடிதம் டைப் செய்வது, ரயில் டிக்கட், பிளேன் டிக்கட் எல்லாம் உண்டு. முதலாளி நஸீர் நானா. என் பெயர் மகேஸ்வரி என்றாலும் டவுனில் "டிக்கட் மகேஸ்" என்றால்தான் தெரியும்.

யாழ்ப்பாண ரயிலோடு பூட்டி ஓடிய ஒரு தனியார் ஏசி பெட்டிக்கு நாங்கள் டிக்கட் போட்டுக் கொடுத்தோம். ஆட்கள் காசைக் கையில் தருவார்கள், நாங்கள் நானாவின் வங்கிக் கார்டில் டிக்கட் போடுவோம். கம்பெனி பெயர் இங்கே வேண்டாம், அவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. அந்தப் பெட்டிக்கு ஆட்கள் நெருக்கும்போது ஒரு கட்டணம், ஓய்ந்தால் ஒரு கட்டணம். டிக்கட் போட்ட பிறகு கட்டணம் இறங்கினால் என்ன செய்வது என்று எங்களுக்கு முதலில் தெரியாது. ரிவர்ஸ்டன் மலை பார்க்க வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்தான் வந்து கேட்டாள்: "நான் கட்டியது கூட. இப்போது குறைவு. மீதி எங்கே?"

நானா சிரித்துக்கொண்டே கம்பெனிக்குப் போன் போட்டார். அதற்கென்று ஒரு படிவமே இருக்கிறது என்றார்கள். பயணியின் கையெழுத்து, அடையாள அட்டைக் கொப்பி, வங்கிக் கணக்கு நம்பர். சீட்டு அப்படியே இருக்கும், வித்தியாசப் பணம் மூன்று வாரத்தில் பயணியின் கணக்குக்குப் போகும். அவளுக்குப் போகவும் போனது.

"பாத்தியா புள்ள, ஃபோம் நெரப்பின கூலி கூட நமக்கில்ல" என்றார் நானா. "இதே சீட்ட நாம கென்சல் பண்ணிட்டு, புது வெலைக்குத் திரும்பப் போட்டா?"

"வித்தியாசம் நம்ம கார்டுக்கு வந்துரும் நானா" என்றேன்.

அதைச் சொன்னது நான்தான். பழியை நானா மேல் போட்டுவிட்டு நான் நல்லவளாக முடியாது.

அன்றிலிருந்து கட்டணம் இறங்கும் நாளெல்லாம் எங்களுக்குத் திருநாள். கேன்சல் அடித்தால் கம்பெனி கொஞ்சம் வெட்டிக்கொண்டு மிச்சத்தைக் கார்டுக்குத் திருப்பும். அந்தச் சீட்டு மறுபடி வெளியே வந்த உடனே, வேறு யாரும் கை வைப்பதற்குள் நான் பிடித்துவிடுவேன். ஆட்களுக்கு விளங்காது. டிக்கட் ஏன் புதிதாக இருக்கிறது என்று யாராவது கேட்டால், "பழசுல பேர் ஸ்பெலிங் பிழைங்க, மாத்திக் குடுத்திருக்கோம்" என்பேன். அவர்கள் நன்றி வேறு சொல்லிவிட்டுப் போவார்கள்.

கிடைத்ததில் பாதி எனக்கு. ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று நானா தாராளமாகத்தான் தந்தார். அந்தக் காசில் மகளுக்கு டியூஷன் ஃபீஸ் கட்டினேன் என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். உண்மை அதுவல்ல. அம்மன் தேருக்குக் கட்ட ஒரு பட்டுச்சேலை வாங்கினேன். அதைக் கட்டிக்கொண்டு தேருக்கு முன்னால் கும்பிட்டும் நின்றேன். திருடு என்ற நினைப்பு ஒரு நாளும் வரவில்லை, கெட்டிக்காரத்தனம் என்றுதான் நினைத்தேன்.

3. பரராஜசிங்கம் சேர்

பரராஜசிங்கம் சேர் யாழ்ப்பாணத்துக்காரர். இங்கே அரசாங்கக் கந்தோர் ஒன்றில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். பல்லேகமப் பக்கம் வாய்க்கால் வேலை பார்க்கப் போய்வரும் வழியில் மோட்டார் சைக்கிள் சறுக்கி வலது கால் முறிந்து, உள்ளே கம்பி வைத்திருந்தார்கள். அவர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த கிழமையிலேயே யாழ்ப்பாணத்தில் அவருடைய அம்மா இறந்துபோனார். ஒரே மகன். போக முடியவில்லை.

அந்தியேட்டிக்கு, அதாவது முப்பத்தோராம் நாள் கிரியைக்குப் போக டிக்கட் போட வந்திருந்தார். ஓட்டோவில் காலை நீட்டியபடி அவர் இருக்க, அவர் மனைவி கடைக்குள் வந்து விபரம் சொன்னார். நான் வெளியே போய் அவரிடமே பேசினேன்.

"கொள்ளி வைச்சது அக்கான்ர மோன், பிள்ளை. நான் வார்டில கிடந்து அழுதுகொண்டு கிடந்தன். அந்தியேட்டிக்கெண்டாலும் அம்மாவுக்காக நான் போய் நிக்கவேணும்."

"வேன்ல போகலாமே சேர்?"

"அவ்வளவு தூரம் டொக்டர் கூடாதெண்டிட்டார். குலுங்கக் கூடாது, காலை மடக்கக் கூடாது. கோச்சியில கால் நீட்ட இடம் இருந்தா மட்டும் போகலாமெண்டவர்."

யாழ்ப்பாண ரயில் மாத்தளைக்கு வராது என்பதால், குருநாகலில் ஏறுவதாக முன்வரிசையில் முதலாம், இரண்டாம் நம்பர் சீட்டைப் போட்டேன். அந்தப் பெட்டியில் காலை நேராக நீட்ட முடிந்த சீட்டு அந்த இரண்டு மட்டும்தான். ஒன்று ஐயாயிரத்து இருநூறு. காசை எண்ணித் தந்துவிட்டு, "இது நிச்சயம்தானே பிள்ளை?" என்று கேட்டார்.

"கோச்சி தடம் புரண்டாத்தான் சேர் இது மாறும்" என்றேன். வாய்க்கொழுப்பு.

4. போன் இல்லாத லாச்சி

பயணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது, அந்த வெள்ளிக்கிழமை, கட்டணம் மூவாயிரத்து எண்ணூறுக்கு இறங்கியது. கம்பெனி வெட்டுவது போக, அவருடைய இரண்டு சீட்டில் மட்டும் இரண்டாயிரத்து நானூறு நிற்கும். எனக்கு ஆயிரத்து இருநூறு.

தொடக்கூடாது என்று ஒரு நிமிடம் தோன்றத்தான் செய்தது. பொய் சொல்ல மாட்டேன். காலை நீட்டிக்கொண்டு ஓட்டோவில் இருந்த அந்த மனிதரின் முகமும் நினைவுக்கு வந்தது. ஆனால் இத்தனை நாளில் ஒரு சீட்டுக்கூட என் கை தவறிப் போனதில்லை. அந்தத் திமிர். கேன்சல் அடித்தேன்.

மறுபடி போடக் கார்ட் நம்பரைக் கொடுத்ததும், வங்கி நானாவின் போனுக்கு ஆறு இலக்கத்தில் ஒரு இரகசிய நம்பர் அனுப்பும். அதை அடித்தால்தான் வேலை முடியும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் போகும்போது நானா போனைக் கவுண்டர் மேசை லாச்சியில் வைத்துவிட்டுத்தான் போவார், வழக்கம். நான் லாச்சியை இழுத்தேன். பேனை இருக்கிறது, ரப்பர் முத்திரை இருக்கிறது, போன் இல்லை.

அன்று நானாவின் மகளுக்கு ஆஸ்பத்திரியில் பிரசவ நேரம். அதனால் போனைக் கையோடு கொண்டு போயிருக்கிறார்.

கடையைத் திறந்தபடி போட்டுவிட்டுப் பள்ளிவாசலுக்கு ஓடினேன். உள்ளே பிரசங்கம் நடக்கிறது. நான் எப்படி உள்ளே போவது? வாசலில் நின்று போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. கேட் ஓரத்தில் நின்ற ஓட்டோக்காரர், "என்ன அக்கா, யாருக்காவது ஏதும் ஆச்சா?" என்று பதறிப்போய்க் கேட்டார். என்னவென்று சொல்வேன்?

தொழுகை முடிந்து நானா வெளியே வந்ததும் இழுக்காத குறையாகக் கடைக்குக் கூட்டிக்கொண்டு ஓடினேன். விலை இறங்கினால் நாங்கள் மட்டுமா பார்த்துக்கொண்டிருப்போம்? ஊரே பார்த்திருக்கிறது. முன்வரிசை போய்விட்டது. பின்னால் கழிவறைக்குப் பக்கத்தில் ஒரே ஒரு சீட்டு நின்றது. அதில் அவரால் காலை நீட்ட முடியாது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் போனது.

"யா அல்லாஹ், அந்தக் கால் ஒடஞ்ச மனுசன்டயா?" என்றார் நானா. கொஞ்ச நேரம் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். பிறகு, "சல்லிய முழுசாத் திருப்பிக் குடுத்துரு. கம்பெனிட கொம்பியூட்டர் பிழைன்னு சொல்லு" என்றார்.

சொன்னேன். போனில் சேரிடம் சொல்லும்போது என் குரல் கொஞ்சங்கூட நடுங்கவில்லை. இன்றைக்கும் எனக்கு அதுதான் அருவருப்பாக இருக்கிறது.

அவர் கத்தவில்லை. "அப்ப என்ன பிள்ளை செய்யிறது?" என்று மட்டும் கேட்டார்.

மற்ற ரயில்களையும் தேடிப் பார்த்தேன், கால் நீட்டக்கூடிய சீட்டு எதிலும் இல்லை. கடைசியில் வேன் பிடித்து, பின் சீட்டுகளைக் கழற்றி, மெத்தை போட்டுக் கிளம்பினார்கள். வவுனியாவுக்கு முன்னாலேயே கால் வீங்கி, வலி தாங்காமல், வழியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். இரண்டு நாள் அங்கே. அந்தியேட்டி அவர் இல்லாமலே முடிந்தது. அவர் மனைவி போனில் சொன்னார். "தாயின்ர செத்தவீடு, அந்தியேட்டி ரெண்டுக்கும் இல்லாமப் போச்செண்டு சுவரைப் பாத்துக்கொண்டு கிடக்கிறார் பிள்ளை" என்றார். நான் "ஐயோ, பாவம்" என்றேன். அதையும் சொன்னேன் பாருங்கள்!

5. கடிதம்

இரண்டு மாதம் கழித்து அவர் ஊன்றுகோலோடு கடைக்கு வந்தார். கவுண்டர் முன் கதிரையில் மெதுவாக இருந்தார்.

"பிள்ளை, அந்தக் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதவேணும். எனக்குக் காசு கீசு வேண்டாம். என்னை மாதிரி ஏலாத இன்னொரு வருத்தக்காரனுக்கு அவங்கட கொம்பியூட்டர் இப்பிடிச் செய்யக் கூடாது. உமக்குத்தான் இந்த விசயம் விளங்கும். நான் சொல்லச் சொல்ல அடியும்."

நான் அடிக்க ஆரம்பித்தேன். "தங்கள் கணினியில் ஏற்பட்ட பிழையினால் எனது தாயாரின் அந்தியேட்டிக் கிரியையில் கலந்துகொள்ள முடியாமற் போயிற்று" என்று சொன்னார். அடித்தேன். கை அது பாட்டுக்கு அடித்தது.

பிறகு, "உம்மைப் பற்றியும் ஒரு வரி போடவேணும்" என்றார். "எனக்கு டிக்கட் எடுத்துத் தந்த பெண்பிள்ளை தன்னால் இயன்றதை எல்லாம் செய்தார், அவர் மீது எவ்வித குறையும் இல்லை. அப்பிடிப் போடும். இல்லாட்டி உம்மிலயும் பழி வந்திடும்."

என்னால் அடிக்க முடியவில்லை. கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் நானா கொப்பி எடுத்துக்கொண்டிருந்தார். அவரும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"சேர், கம்பெனி பிழை இல்லைங்க" என்றேன். "நான்தான் கேன்சல் பண்ணேன்."

"என்ன?"

"வெல எறங்கிருச்சுங்க. கேன்சல் பண்ணித் திரும்பப் போட்டா வித்தியாசம் எங்களுக்கு வரும். போடுறதுக்குள்ள சீட்டு போயிருச்சு." படிவத்தைப் பற்றியும் சொன்னேன். அதை நிரப்பியிருந்தால் சீட்டும் இருந்திருக்கும், மீதிப் பணமும் அவருக்கே போயிருக்கும் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அழுகை வந்தது. அழுதால் அவர்தான் என்னைத் தேற்ற வேண்டிவரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அவர் கையிலிருந்த ஊன்றுகோலை மேசையோரம் சாய்த்து வைத்தார். பிறகு கேட்டார்.

"எவ்வளவு வித்தியாசம்?"

"ரெண்டாயிரத்து நானூறு. எனக்கு அதுல பாதிங்க."

"ஆயிரத்து இருநூறு" என்றார். கணக்கைச் சரிபார்க்கும் உத்தியோகத்தர் மாதிரித்தான் சொன்னார். "கேட்டிருந்தா நான் தந்திருப்பனே, பிள்ளை."

எழும்ப ஊன்றுகோலைத் தேடினார். எடுத்துக் கொடுக்கப் போனேன். வேண்டாமென்று கையைக் காட்டிவிட்டு, மேசையைப் பிடித்துத் தானே எழும்பினார். போவதற்கு முன் அரைப் பக்கம் டைப் செய்ததற்கு எவ்வளவு என்று கேட்டார். வேண்டாம் சேர் என்று எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. நூறு ரூபாயை வைத்துவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு, "என்னத்துக்குப் புள்ள வாயத் தொறந்த?" என்று நானா சத்தம் போட்டார். அடுத்த நாள் காலை அவரே அந்தப் படிவத்தில் நூறு கொப்பி அடித்துக் கவுண்டரில் கொண்டுவந்து வைத்தார். அதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

6. பிள்ளைகளுக்கு

கட்டணம் இறங்கினால் முதலில் பயணிக்குப் போன் போடுங்கள். படிவத்தை நிரப்பிக் கொடுங்கள். நிரப்பக் கூலி வேண்டுமென்றால் முகத்தைப் பார்த்துக் கேட்டு வாங்குங்கள், அதில் வெட்கம் இல்லை. ஒருவர் காசு கட்டி எடுத்த சீட்டு அவருடையது. அவர் எதற்குப் போகிறார் என்று உங்களுக்குத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் அதைத் தொடாதீர்கள். இவ்வளவுதான் நான் படித்தது. இதைப் படிக்க இன்னொருவர் தாயின் கிரியையைத் தவறவிட வேண்டியிருந்தது.

போன மாதம், மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில், பரராஜசிங்கம் சேர் பஸ் ஸ்டாண்டில் யாழ்ப்பாண பஸ்ஸுக்கு நிற்பதைக் கடையிலிருந்து கண்டேன். இப்போதும் கொஞ்சம் நொண்டித்தான் நடக்கிறார். ஒரு பஸ் நிறைய ஆட்களோடு வந்து, அவரை ஏற்றாமல் போனது. அடுத்ததும் அப்படித்தான். வீதியைக் கடந்து வந்தால் எங்கள் கடை. ஐந்து நிமிடத்தில் ரயிலில் நல்ல சீட்டு ஒன்று போட்டுக் கொடுத்திருப்பேன். அவர் இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போய்க் கூப்பிட எனக்கும் முகம் இல்லை.