ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டாவது அடி

ஜூலை 12, சனிக்கிழமை, காலை 4.50. ஹில்ஸ்பரோவில் ஆறு டிகிரி, தூறல். பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து நண்பர் காரைக் கிளப்பிவிட்டுக் காத்திருந்தார். நியூசிலாந்தில் ஜூலை குளிர்காலம்; ஆனாலும் எங்கள் ஆக்லாந்தில் பனி விழுவதில்லை; அதில் நடக்க ருவாபெஹு மலைவரை நாலரை மணி நேரம் போகவேண்டும்.

எனக்குப் பனி முக்கியமில்லை. மே மாதம் வாசலின் நாலு படிகளில் இரண்டாவதில் வழுக்கி விழுந்தேன். அன்றிலிருந்து பக்கத்திலிருக்கும் ஒனிஹங்கா கடைத்தெருவுக்குத் தனியாக நடக்கக் கூடாதென்று மகள் தடை போட்டிருந்தாள். பனியிலேயே விழாமல் நடந்து காட்டினால் என்ன செய்வாய் என்று நான்தான் கேட்டேன்.

"அங்கிள் கூட இருந்தா ஓகேப்பா. விழாம வந்தா நீங்க எங்க வேணா நடங்க. விழுந்தீங்க, அதோட பேச்சே கிடையாது."

கார் நிறுத்துமிடத்திலிருந்து அடிகளை எண்ணத் தொடங்கினேன். அருவி தெரியும் வளைவுவரை போய்த் திரும்புவதாக ஏற்பாடு. பனி கணுக்கால் அளவுதான். ஆனால் சில இடங்களில் இறுகி வழவழவென்றிருந்தது. மூக்கு வேறு ஒழுகியது. ஒவ்வொரு முறை துடைக்கவும் கையுறையைக் கழற்ற வேண்டும். ஒன்பது முறை கழற்றினேன். பலகையில் இருபது நிமிடம் என்று போட்டிருந்தது. ஐம்பத்திரண்டு நிமிடமாகியும் அருவியைக் காணோம்.

முன்னால் போன நண்பர், என்னைவிடப் பத்து வயது இளையவர், திரும்பித் திரும்பிக் கத்தினார்: "ஆறுதலா வாங்கோ, அண்ணை!"

ஐந்து முறை பொறுத்தேன். எனக்கு எதற்கு ஆறுதல்? என்ன பறிகொடுத்துவிட்டேன்? ஆறாவது முறை, "எனக்கு யார் ஆறுதலும் வேணாம்!" என்று கத்திவிட்டு வேகத்தைக் கூட்டினேன். ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டாவது அடியில் கால் நிற்கவில்லை.

ஓடிவந்தார். "படிச்சுப் படிச்சுச் சொன்னனான், ஆறுதலா வாங்கோ எண்டு. ஏன் ஓடினீங்கள்?"

"ஆறுதல் சொல்ல நான் என்ன துக்க வீட்டிலயா இருக்கேன்?"

"ஐயோ அண்ணை! ஆறுதலா எண்டா மெள்ள எண்டு!"

ஆற அமர என்று நாமும்தானே சொல்கிறோம். பனியில் உட்கார்ந்தபிறகு அது ஞாபகம் வந்து என்ன பயன்? எலும்பு தப்பியது. மூக்குக்கண்ணாடி எனக்கடியில் இரண்டாகக் கிடந்தது.

"வீட்டில நான் ஒண்டும் கதைக்க மாட்டன், அண்ணை."

"நீங்க பேசமாட்டீங்க. என் மூஞ்சி பேசுமே!"

பேசியது. கதவைத் திறந்ததும் மகள் கேட்டது ஒரே கேள்வி: "கண்ணாடி எங்கப்பா?"

செவ்வாய்க்கிழமை புதுக் கண்ணாடி வாங்க ஒனிஹங்காவுக்குப் போனேன். அவள் காரில்தான். 685 டாலர்.